எங்கள் கட்டடத்து ஆல்ரெடி

எங்கள் கட்டடத்தில் எந்த மாடியில் நின்றுகொண்டு "ஆல்ரெடி!" என்று சத்தம் போட்டாலும் ஓர் ஆள் ஓடி வருவார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். அவரை வேலைக்கு வைத்த குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கே அது மறந்துபோய்விட்டது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, ஃப்யூஸ் போன பல்பை மாற்றுவது, அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடுவது, லிஃப்ட் முரண்டு பிடித்தால் சமாதானம் செய்வது எல்லாம் அவர்தான். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கை வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான்.

"மேல தொட்டி கழுவியாச்சாப்பா?"

"ஆல்ரெடி சார்."

கழுவியிருக்க மாட்டார். கழுவ வேண்டும் என்ற நினைப்பே அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அவருக்கு வந்திருக்கும். ஆனால் கேட்டவர் திரும்பிய நொடியில் பின்பக்கப் படிக்கட்டில் வாளியும் பிரஷ்ஷுமாக ஏறிவிடுவார். கேட்டவர் முன்பக்கமாக மூச்சு வாங்கி மொட்டை மாடிக்குப் போய்ச் சேரும்போது தொட்டி பளபளவென்று இருக்கும், தரை ஈரமாக இருக்கும், ஆல்ரெடி கீழே கேட்டருகில் ஒன்றும் தெரியாதவர்போல் நின்றுகொண்டிருப்பார். வாய் முன்னால் போகும், கை பின்னாலேயே ஓடிவந்து அதைப் பிடித்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அவரைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

நான் இரண்டாவது மாடி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது என் முன்னறையில், வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு சொல்லை அதன் இடத்தில் வைக்காமல் கண்ட இடத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் அது மூக்கைவிட்டு இறங்கி வாய்க்கு வந்துவிடும்.

ஆல்ரெடி என்பது ஒன்றும் பெரிய வித்தைச் சொல் இல்லை. நாம் கேட்பதற்கு முன்னாலேயே, அல்லது நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே, ஒரு காரியம் முடிந்திருந்தால் அதைச் சொல்லலாம். 'சாப்பிட வர்றீங்களா?' 'இல்லைங்க, ஆல்ரெடி சாப்பிட்டாச்சு.' வியப்பாகவும் கேட்கலாம்: 'என்ன, ஆல்ரெடி கிளம்பிட்டியா?' எப்படிச் சொன்னாலும் சாப்பாடு வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும், கால் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். அதுதான் அந்தச் சொல்லின் உயிர். இந்த மனிதர் அந்த உயிரைத்தான் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிடித்துக் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா, 'இதோ பண்றேன்'னு சொன்னா வாய் வலிக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "டீச்சர், 'இன்னும் இல்ல'ன்னு சொன்னா திட்டு விழும். 'இதோ பண்றேன்'னு சொன்னா பக்கத்துலயே நின்னு பார்ப்பாங்க. ஆல்ரெடின்னு சொன்னாத்தான் போயிடுவாங்க. அப்புறம் நிம்மதியா வேலை பார்க்கலாம்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

கோபப்பட்டு என்ன செய்ய, கட்டடமே அவருக்குத் தகுந்தபடி மாறிவிட்டது. ஆல்ரெடி என்று அவர் சொன்னால் உடனே போய்ப் பார்ப்பது எங்களிடையே மரியாதைக் குறைவு. முதலில் வீட்டுக்குள் போய் ஒரு காபி போட்டு, ஆற அமரக் குடித்துவிட்டுத்தான் போய்ப் பார்ப்போம். அதற்குள் வேலை முடிந்திருக்கும். நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்ட நாளில்கூடக் காபி குடித்துவிட்டுத்தான் குழாயைத் திறந்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் தொற்றிக்கொண்டது. செயலாளர் அறிவிப்புப் பலகையில், 'அடுத்த மாதக் கூட்டம் ஆல்ரெடி சிறப்பாக நடைபெற்றது, அனைவரும் தவறாமல் வரவும்' என்று ஒட்டினார். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் என் வகுப்பில் எழுந்து நின்று, நாளைக்குத் தான் ஆல்ரெடி ஊருக்குப் போய்விட்டதாக இங்கிலீஷில் சொன்னார். நான் சாக்பீஸை உடைத்தேன். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் அது புரிந்ததுதான் எனக்கு எரிச்சல்.

இப்படி ஊரையே ஏய்த்தவருக்கு ஏய்க்க முடியாத ஆள் ஒருத்தி உண்டு. அவருடைய அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்தவள் அவள்தான். பக்கத்து ஊரில் பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்தாள். யார் சொல்வதையும் நம்பக் கூடாது என்பதற்காகவே அவளுக்குச் சீருடை கொடுத்திருந்தார்கள். "பல் தேய்ச்சியாடா?" என்று கேட்டால் பதிலுக்கு நிற்க மாட்டாளாம். "காட்டு" என்பாளாம். குளிச்சியா, காட்டு. படிச்சியா, காட்டு. ஓடிப்போய்ச் செய்து முடிக்கிற கலையைத் தம்பி அந்த வீட்டில்தான் கற்றிருக்க வேண்டும்.

அடுத்ததாக, கண்ணாடிக்காரி. எங்கள் கட்டடத்தின் தரைத் தளத்தில் தெருவைப் பார்த்த மாதிரி ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. கண்ணைச் சோதித்து, லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமில் மாட்டிக் கொடுப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். குடியிருப்பு ஐந்தாவது மாடியில், தனியாக. முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அதிகம் பேச மாட்டாள். 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா' என்று பகல் முழுக்கக் கேட்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

ஆல்ரெடி அவளிடம் அடிக்கடி கண் சோதிக்கப் போவார். ஒரு மனிதனுக்கு அத்தனை தடவை கண் சோதனை தேவைப்படாது. போய் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் குச்சியை எடுப்பதற்குள் சுவரில் இருக்கிற எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "ஆல்ரெடி படிச்சாச்சுங்க" என்பார். எல்லாம் மனப்பாடம். "கண்ணு நல்லா இருக்கு" என்று அவள் சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கதவுக்குப் பதிலாகக் கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் முட்டிக்கொள்வார்.

ஒரு நாள் என் மூக்குக் கண்ணாடியின் வளைந்த காலை நிமிர்த்த நான் அங்கே போயிருந்தேன். ஆல்ரெடி நாற்காலியில் இருந்தார். சுவரில் அன்றைக்குப் புது அட்டை. எழுத்தே இல்லை. மேலே ஒரு வீடு, அதற்குக் கீழே மீன், குடை, சின்னச் சின்னதாகப் படங்கள். அவர் அதைப் பார்த்தபடியே பழைய எழுத்துகளை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அவள் சிரிக்கவில்லை. "சரியா சொன்னீங்க" என்றாள். பிறகு, "இந்த மெஷின்ல ஒரு நிமிஷம் தாடையை வைங்க, சும்மாதான்" என்று உட்கார வைத்து எதையோ குறித்துக்கொண்டாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கோபம் வருமே தவிர, புத்தி இல்லாமல் போகவில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. மனசில் இருப்பதை அவளிடம் சொல்ல மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிற அதே வாய்தான்.

ஒரு நாள் சாயங்காலம் என் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு கதவு தட்டியது. ஆல்ரெடி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"டீச்சர், இங்கிலீஷ்ல ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஆல்ரெடின்னு சொல்லிட்டோம். ஆனா அது நடக்கல. இனிமேலும் நடக்குமான்னு தெரியல. அதுக்கு என்ன பேரு?"

"பொய்" என்றேன்.

அவர் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் இதுதான். அக்கா போன் செய்திருக்கிறாள். தன்னோடு வேலை செய்கிற இன்னொரு பெண் பரிசோதகரைத் தம்பிக்குக் கல்யாணத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். இவர் வாய் முந்திக்கொண்டது. "வேண்டாங்கா, எனக்கு இங்க ஆல்ரெடி ஒருத்தங்க இருக்காங்க, கண்ணாடிக் கடை வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தினாரா?

"அவகிட்ட சொல்லிட்டியாடா?"

"ஆல்ரெடி."

"அவ சரின்னுட்டாளா?"

"ஆல்ரெடி."

"காலைல முதல் பஸ்ஸுக்கு வர்றேன். காட்டு. பொய்யா இருந்துது, மறுபேச்சு இல்லாம நான் பார்த்த இடத்துல கல்யாணம்."

சரி என்றும் வாக்குக் கொடுத்துவிட்டாராம். "டீச்சர், என்னால முடியாது. வீட்டுல ரெண்டு பரிசோதகர் ஆயிட்டா நான் எங்க போவேன்? அதைவிடுங்க. இவங்க இல்லாம வேற யாரோடயும்…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் பெஞ்சின் திருகாணியை முறுக்க ஆரம்பித்தார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

"இப்பவே போய்ச் சொல்லித் தொலையேன்பா! கீழதானே கடை?"

"கடை ஆல்ரெடி மூடிட்டாங்க டீச்சர். அவங்க வெளியே எங்கயோ போயிருக்காங்க."

நான் எட்டிப் பார்த்தேன். கடை நிஜமாகவே மூடியிருந்தது. எனக்குத் தெரிந்து அந்த மனிதர் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் வைத்தது அன்றைக்குத்தான். பாராட்டுகிற நிலையில் நான் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துப் படிக்கட்டிலிருந்து செயலாளர் கத்தினார். "லிஃப்ட் மூணாவது மாடி தாண்டினா விக்கி விக்கிப் போகுதே, பார்த்தாச்சா?"

"ஆல்ரெடி சார்!" என்றார் இவர், பழக்க தோஷத்தில். வழக்கமாக அடுத்த நொடி கை ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. பெஞ்சுத் திருகாணியையே முறுக்கிக்கொண்டிருந்தார். நானும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது கேட்டருகில் அக்கா வந்து நின்றிருந்தாள். சீருடையிலேயே வந்திருந்தாள். நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். ஆல்ரெடி அவள் பையை வாங்கிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார்.

"எங்கடா அவ?"

"அஞ்சாவது மாடிக்கா. நீ முதல்ல டீச்சர் வீட்டுல ஒரு காபி குடிச்சிட்டு…"

"காபி எதுக்கு? காட்டு."

எங்கள் கட்டடத்து நாகரிகம் அவளுக்கு எப்படித் தெரியும்? நேரே லிஃப்டைப் பார்த்து நடந்தாள். ஆல்ரெடி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் நிற்கவில்லை. "நீ லிஃப்டுல வாக்கா, எனக்கு அது ஒத்துக்காது" என்று பையோடு படிக்கட்டில் பாய்ந்தார். அக்கா மேலே போய்ச் சேருவதற்குள் எப்படியாவது சொல்லி, எப்படியாவது சரி வாங்கிவிட வேண்டும். பின்பக்கப் படிக்கட்டும் தொட்டி பிரஷ்ஷும்போலத்தான் இதையும் நினைத்திருக்கிறார்.

எனக்கு முட்டி வலி. என்ன ஆகிறது என்று ஐந்தாவது மாடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட நானும் லிஃப்டில் ஏறினேன். கம்பிக் கதவை இழுக்கும்போது, "ஒரு நிமிஷம்" என்று ஒருத்தி ரொட்டிப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தாள்.

கண்ணாடிக்காரி. காலையிலேயே ரொட்டிக் கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். அதாவது மேலே வீட்டில் ஆளே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கிளம்பிவிட்டது. மூன்றாவது மாடி தாண்டியதும் ஒரு விக்கல் விக்கியது. இன்னொரு விக்கல். அப்புறம் நின்றே போய்விட்டது.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

"இது ரிப்பேர் பண்ணியாச்சுன்னாரே…" என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள். லிஃப்ட் நின்றதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஓடாத பஸ்ஸிலும் சோதனை போடுகிறவள். "நீங்கதான் டீச்சரா? நல்லதாப் போச்சு. இந்தக் கண்ணாடிக் கடைக்காரி எப்படி? நல்ல மாதிரியா? என் தம்பி அவகிட்ட கல்யாணத்துக்குக் கேட்டானாம், அவளும் சரின்னுட்டாளாம். எனக்கு நம்பிக்கை இல்ல. காட்டுன்னா படிக்கட்டுல ஓடறான்."

நான் பால் பாக்கெட்டைப் பார்த்தேன். கண்ணாடிக்காரி ரொட்டியைப் பார்த்தாள். அவள் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. இவள்தான் அவள் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் கேள்வி நேராக அவளிடம் போகும், அவர் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அப்போது மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பழைய லிஃப்ட், சுற்றிலும் கம்பி. ஐந்தாவது மாடியில் தும்மினால் எங்களுக்குக் கேட்கும்.

"என்னங்க, நான்தாங்க. கதவைத் திறங்க." ஆல்ரெடிக்கு மூச்சு இரைத்தது. "தூங்கறீங்களா? சரி, திறக்காட்டியும் பரவாயில்ல, காதுல வாங்கிக்குங்க. எனக்கு நேரமில்ல. உங்க கடை அட்டையில இருக்கிற எழுத்து ஒண்ணுகூட எனக்குத் தெரியலைங்க. எல்லாம் மனப்பாடம். உங்க முகமே எனக்கு மசமசன்னுதான் தெரியும். குரலை வச்சு மீதியை நானே போட்டுக்கிட்டேன். கண்ணு கெட்டிருக்குன்னு சொன்னா ஒரு கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிடுவீங்க, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு வர்றது? இதையெல்லாம் ஆல்ரெடி சொல்லியிருக்கணும். சொல்லல. சொல்லிட்டதா அக்காகிட்ட சொல்லிட்டேன். அவ வந்துட்டிருக்கா. என்னைக் கட்டிக்கிறீங்களா? இஷ்டமில்லைன்னா கதவைத் திறக்காதீங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

கதவு எப்படித் திறக்கும்? சாவி என் பக்கத்தில் நிற்கிறவளின் கையில் இருந்தது.

மேலே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க" என்று அவர் சொன்னது கேட்டது. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிதர் மேல் நான் பட்ட கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அக்காவின் முகம் கல்லாகியிருந்தது. "பார்த்தீங்களா டீச்சர்? சொல்லவே இல்ல. என்கிட்டயே பொய்." லிஃப்டின் மணிப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். கட்டடமே அலறியது. மேலே, "ஐயோ, லிஃப்ட்!" என்று ஆல்ரெடி கத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே இருக்கிற மெஷின் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

மணி நின்றதும் கண்ணாடிக்காரி தொண்டையைச் செருமினாள்.

"பொய் இல்லைங்க. அவர் ஆல்ரெடி சொல்லிட்டார்."

அக்கா திரும்பினாள். "யாரு நீ?"

"நான்தான் அந்தக் கண்ணாடிக் கடை. என்கிட்ட சொல்லிட்டார். நானும் ஆல்ரெடி சரின்னுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சரி என்று யாரிடமும் சொல்லவில்லை. வாயை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஓடுகிற அதே வித்தை. எங்கள் கட்டடத்துத் தண்ணீர் அப்படி.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"காட்டு."

கண்ணாடிக்காரி ரொட்டியை என் கையில் கொடுத்தாள். கைப்பையைத் திறந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். பல நாள் பையிலேயே கிடந்து ஓரமெல்லாம் தேய்ந்துபோன கூடு. உள்ளே ஒரு கண்ணாடி. "அவருக்குத்தான். என்னிக்கோ செஞ்சு வச்சிட்டேன். இதைக் கொடுத்துட்டா அப்புறம் அவர் கண் சோதிக்க வர மாட்டாரேன்னு கொடுக்கல."

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், கூட்டின் தேய்ந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எத்தனையோ டிக்கெட்டுகளைப் பார்த்த கண். பிறகு அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"செல்லும்" என்றாள்.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, சாண் சாணாக ஏற ஆரம்பித்தது. ஐந்தாவது மாடியில் நின்றதும் ஆல்ரெடி மேலிருந்து இறங்கி வந்து கம்பிக் கதவை இழுத்தார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் வேர்வை. உள்ளே மூன்று உருவம் நிற்பது தெரிந்திருக்கும், யார் யார் என்று தெரிந்திருக்காது. பெரிய உருவத்தைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, நீ என்னைத் திட்டு. உன்கிட்ட சொன்னப்ப அவங்ககிட்ட நான் இன்னும் சொல்லல. இப்பதான் சொன்னேன், கதவு திறக்கல. லிஃப்டும் இன்னும் பார்க்கல. எதுவுமே இன்னும் இல்லக்கா."

இன்னும் இல்லை. வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் எதைச் சொல்ல முடியாமல் படிக்கட்டு படிக்கட்டாக ஓடினாரோ, அதை மூன்று தடவை சொல்லிவிட்டார். அதுவும் யாரிடம் சொல்ல அதிகம் பயந்தாரோ, அவளிடமே.

கண்ணாடிக்காரி முன்னால் போய், கூட்டைத் திறந்து, கண்ணாடியை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் கண்ணைக் கொட்டினார். முதலில் அவளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். அவள் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, அதைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். அப்புறம்தான் அவள் எங்கிருந்து வெளியே வந்தாள் என்பது அவருக்கு உறைத்தது.

"நீங்க… லிஃப்டுக்குள்ளயா இருந்தீங்க? அப்ப நான் உங்ககிட்ட…"

"ஆல்ரெடி சொல்லிட்டேடா" என்றாள் அக்கா. "அவளும் ஆல்ரெடி சரின்னுட்டா. மூஞ்சியைத் துடை."

அவர் கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் ரொட்டியை அவள் வாசலில் வைத்துவிட்டு அக்காவின் முழங்கையைப் பிடித்தேன்.

"வாங்கம்மா. நம்ம வீட்டுல ஒரு காபி குடிச்சிட்டு அப்புறமா வந்து பார்க்கலாம்."

"இதுக்கு மேல என்ன இருக்கு பார்க்கறதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவள் என்னோடு படியிறங்கி வந்தாள்.